மகாலட்சுமிக்குத் தமிழ் தெரியாது

போன சனிக்கிழமை தெரணியகலைப் பக்கம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் துர்காவுக்கு ஒரு புத்தகம் வாங்கிப் போனேன். ஜப்பானியக் கதை. ராட்சத மிருகம் ஒன்றோடு சிநேகமாகிற ஒரு பெண்பிள்ளையின் கதை. சிங்கள மொழிபெயர்ப்புதான் கிடைத்தது. பரவாயில்லை, துர்கா படிப்பது சிங்களப் பள்ளிக்கூடத்தில்தானே!

வீட்டில் யார் முகத்திலும் களையில்லை. காரணம் – புது மாடு. தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே, ஒரு சிங்கள வீட்டில் வாங்கியது. குங்குமம் வைத்து, மகாலட்சுமி என்று பேரும் வைத்திருக்கிறார்கள். மடியில் கை வைத்தால் உதை. பாலைச் சுரக்கவே விடாமல் அடக்கிக்கொள்கிறது.

"தரகர வரச் சொல்லிட்டேன் மதினி. நாளைக்கு ஓட்டிட்டுப் போயிருவாரு" என்றார் தங்கச்சி புருஷன் செல்வம்.

எங்கே ஓட்டிப்போவார்? துர்காவுக்குத் தெரியும். அழுதுகொண்டே புத்தகத்தைப் படித்தாள்... படித்துக்கொண்டே அழுதாள்.

விடிந்ததும் புத்தகத்தோடு மாட்டுக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"கதையில அந்தப் புள்ள அடிக்கல, கட்டிப்போடல. பக்கத்துல ஒக்காந்து பேசிக்கிட்டே இருந்திச்சும்மா."

"மாட்டுக்கிட்ட என்னத்தடி பேசுவ?"

"தெரியல. இதையே வாசிக்கிறேன்."

சத்தமாக வாசித்தாள். மகாலட்சுமியின் காது திரும்பியது. கால் அடங்கியது. தங்கச்சி பயந்து பயந்து வாளியை வைத்தாள். சர்ர்ர்... பால்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜப்பான்காரர் மந்திரம் இவ்வளவு தூரம் வேலை செய்கிறதே!

செல்வம் நம்பவில்லை. "கததானே, நான் வாசிக்கிறேன்" என்று தமிழ்ப் பேப்பரை எடுத்து வந்தார். வாசித்தது அதில் நான் வாராவாரம் எழுதுகிற பத்தியைத்தான். இரண்டாவது வரியில் வாளி பறந்தது.

எழுத்து வாழ்க்கையில் எத்தனையோ விமர்சனம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றை வாங்கியதில்லை.

தங்கச்சிதான் முதலில் சிரித்தாள். "அக்கா... அதுக்குத் தமிழ் வெளங்கல!"

அட! பிறந்ததிலிருந்து சிங்களம் மட்டும் கேட்டு வளர்ந்த மாடு. பஸ்ஸில், பஜாரில், அரசாங்கக் கந்தோரில் எல்லாம் சிங்களத்தில் வெளுத்துக்கட்டுகிற நாங்கள், வீட்டு மாட்டிடம் மட்டும் "நில்லும்மா தாயே" என்று தமிழில் கெஞ்சியிருக்கிறோம். வீட்டு மாட்டிடம் யாராவது சிங்களம் பேசுவார்களா?

தரகர் வெறுங்கையோடு திரும்பிப் போனார். இப்போது தங்கச்சி "பொட்டக் இன்ன, ஹொந்த லமயா" – கொஞ்சம் இரு, நல்ல பிள்ளை – என்று சொல்லித்தான் பால் கறக்கிறாள். குங்குமமும் பேரும் அப்படியேதான் இருக்கின்றன.

கந்தோரில் தமிழில் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அந்த ஐயா மீதும் எனக்கு இப்போது கோபம் வருவதில்லை. பாவம்... அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் தமிழில் கதை வாசிக்கவில்லை.