மாவு மிஷின் பூனையும் கொழுந்தனின் கோணியும்

"பூனை தும்மினா மட்டும் இந்தத் தெருவுக்குக் காது கேக்குது!"

ஞானசுந்தரி இதை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்வாள். உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் ஊருக்கு இருக்கிற ஒரே மாவு மிஷின் அவளுடையது. புருஷன் வேதகிரி செத்துப்போனபிறகு ஆறு வருஷமாகத் தனியாக ஓட்டுகிறாள். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, மிஷின் நின்றாலும் தொண்டை இறங்காது. கரண்ட் இல்லாத நாளில் அவள் "வாம்மா" என்று வரவேற்றாலே இடுப்புக் குழந்தை அழும்.

எலிக்காக வளர்த்த பூனை துரை. இந்த வருஷம் மூன்றாவது தடவையாக அதற்குக் கண்ணில் பீளை, மூக்கில் சளி. பக்கத்து வீட்டுக் கொழுந்தன் முனிரத்தினத்துக்கு இது போதும். மாவு அரைக்க வருகிறவர்களை வழியிலேயே மடக்கி, சாவுச் சேதி சொல்கிற குரலில் இழுப்பார்: "அந்த மாவுல இன்னா இன்னா கலக்குதோ... துன்றவன் பாடு பேஜாருதான்."

கூட்டம் பாதியானது.

துரையை மூன்று தடவை கோணியில் கட்டி ஏரிக்கு அந்தக் கரையில் விட்டவரும் அவர்தான். முகத்தை மூடி, தண்ணீரைத் தாண்டி விட்டால் பூனைக்கு வழி மறந்துவிடும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. முதல் தடவை கருவாட்டைத் தூக்கியதற்காக. அடுத்த இரண்டும், நோய் ஆறிய பிறகும் "நோவு திரும்ப வரும் பாரு" என்று. ஒவ்வொரு தடவையும் ஞானசுந்தரி ஏரிக்கரையில் நின்று "துரே..." என்று ஒரு கத்து கத்துவாள். பூனை வந்துவிடும். ஒரு வாரத்தில் நோயும் வந்துவிடும்.

நேற்று கூடையில் வைத்து மாட்டு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனாள்.

"இது வைரஸ்மா. குட்டியிலயே வந்திருக்கும். போவாது, உடம்புலயே தூங்கும். பூனை பயந்தா, இடம் மாறினா எழுந்துக்கும். மனுஷனுக்கு ஒட்டாது. வெதுவெதுன்னு உப்புத் தண்ணில கண்ணைத் துடைங்க. மத்த பூனைங்களுக்கு ஒட்டும், தட்டைத் தனியா வைங்க. மூக்கடைப்புல வாசனை தெரியாது, மீனைச் சூடு பண்ணிக் குடுங்க. பயமுறுத்தாம வச்சிருந்தாலே பாதி வைத்தியம்."

ஞானசுந்தரி விரலை மடக்கி நாட்களை எண்ணினாள். முகம் மாறியது.

திரும்பி வந்தால் மிஷின் வாசலில் கோணியோடு முனிரத்தினம். பின்னால் கோதுமை டின்னோடு நாலு பேர்.

"அண்ணி, இந்தவாட்டி ஏரி இல்ல, செய்யாறு ஆத்துக்கு அப்பால வுடப்போறேன். நோவு புடிச்ச பூனையா, மிஷினா? ஒண்ணு சொல்லு."

"அனுப்பிடுக்கா," என்றாள் டின்னோடு நின்ற திலகா. "இல்லாங்காட்டி நாங்க உத்திரமேரூர்லயே அரைச்சிக்கிறோம்."

ஞானசுந்தரி கூடையை இறக்கவில்லை. தெருக்கோடி வரை கேட்டது:

"நோவு பூனைகிட்ட இல்ல முனிரத்தினம், உன் கோணில கீது! மூணு வாட்டி நீ கட்டினு போன, மூணு வாட்டியும் ஒரே வாரத்துல இதுக்குக் கண்ணு ஒட்டிக்கிச்சி. பயத்துல வர்ற நோவு, மனுஷனுக்கு ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நாலாவது வாட்டி கோணிய எடுக்கணும்னா, மொதல்ல நீ அதுல ஏறு, நானே கட்டினு போயி செய்யாத்துக்கு அப்பால வுட்டுட்டு வர்றேன். உனுக்கு மூக்கு ஒழுவுதா இல்லயான்னு ஒரு வாரம் இந்தத் தெரு பாக்கட்டும். அப்பறமா வந்து சொல்லு, பூனையா மிஷினான்னு!"