கன்னத்தில் விழுந்த துக்கம்

சித்தியின் இடது கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. அறைந்தது என் அம்மா. எழுபதுகளில், மலேசியாவில் லூனாசுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், சித்தப்பாவின் பிணத்தை லயத்து வீட்டு வாசலில் கிடத்தியிருந்தபோது நடந்தது இது.

சம்சுச் சாராயத்தைக் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் விழுந்து செத்தவர் சித்தப்பா. இருந்தவரை சித்தியைத் துவைத்து எடுத்தார். பால்வெட்டப் போகும்போது முகத்து வீக்கம் தெரியாமல் முக்காடு போட்டுக்கொள்வாள். அவர் செத்த அன்று காலை எனக்குத் தலை வாரியபடியே, "இனிமே நிம்மதியா சோறு திம்பேன் பாப்பா" என்று காதோடு சொன்னாள். அப்படியொரு தெளிவை அவள் முகத்தில் நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

அதுதான் மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. புருஷன் செத்து அழாதவளுக்குச் சித்தம் கலங்கிவிடுமாம், அடித்தாவது அழவைத்துவிடுவார்கள். நல்ல வைத்தியம்!

"அழுதுரு லா, உள்ளுக்குள்ள வச்சிக்காத" என்று சுற்றியிருந்த பெண்கள் கெஞ்சினார்கள்.

"அழுக வரலக்கா, நான் என்னா செய்ய?" என்றாள் சித்தி.

அம்மா ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு இன்னொன்று. சித்தி வாய்விட்டு அலறினாள். "அப்பாடா, துக்கம் எறங்கிருச்சி" என்று பெண்கள் காப்பி குடிக்கப் போனார்கள்.

பாவி, அந்த அழுகை நிற்கவே இல்லை. வலிக்கு அழத் தொடங்கியவள் சாயங்காலத்துக்குள் சித்தப்பாவுக்காக அழுதாள். மாதம் திரும்புமுன் அவர் படத்துக்கு மாலை போட்டு, "தங்கமான மனுசன்" என்றாள். அவரிடம் வாங்கிய அடியை யாராவது நினைவுபடுத்தினால் எரிந்து விழுந்தாள். அவளுக்குக் கிடைத்த நிம்மதி ஒரு காலைப்பொழுதோடு சரி.

எண்பதுகளில் நான் படித்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உளவியல் விரிவுரையாளர் சொன்னார்: துக்கம் வந்து நாம் அழுவதில்லை, அழுவதால்தான் துக்கம் வருகிறது என்று ஒரு கொள்கை உண்டு, உடம்பு முதலில் பதறும், சுற்றியிருப்பதைப் பார்த்து மனம் அதற்குப் பெயர் வைக்கும் என்று இன்னொன்று. வகுப்பு சிரித்தது. எனக்குச் சித்தியின் கன்னம் கண்ணில் வந்தது.

அந்த வகுப்பு நடந்த வருடமே அம்மா போய்ச் சேர்ந்தாள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். சித்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "ஒன் நல்லதுக்குத்தான் பாப்பா" என்றாள். என் இடது கன்னத்தில் அறைந்தாள். ஐயோ, என்ன கை அது! நான் அலறினேன். சித்தி என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் பிணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போதும் அம்மாவின் திவசத்தன்று படையல் போட்டுவிட்டு அழுகிறேன். பிள்ளைகள் என் பாசத்தை மெச்சுகிறார்கள். அழும்போது கை தானாக இடது கன்னத்துக்குப் போகிறது.