என் பெயருக்கு வந்த கீபோர்டு

2013-ம் வருடம், எங்கள் ஊர்த் திருவிழாக் கொடியேற்றத்துக்குச் சரியாகப் பதினைந்து நாள் இருக்கும்போது மாதா கோயில் கீபோர்டு உயிரை விட்டது. குமரி மாவட்டத்தில் கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பதும், மாலையில் கோயில் பாடகர் குழுவுக்கு கீபோர்டு வாசிப்பதும்தான் அப்போது என் வேலை. நாகர்கோவிலில் ரிப்பேர் செய்கிறவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "டீச்சர், இத எடுத்துட்டுப் போயிருங்க" என்று கையை விரித்துவிட்டார்.

புதிதாக வாங்குவது என்று முடிவானது. நாகர்கோவில் கடையில் நாங்கள் கேட்ட மாடல் இல்லை, வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். இன்டர்நெட்டில் பார்த்தால் அதே மாடல், விலையும் குறைவு, ஏழே நாளில் வீட்டுக்கு வருமாம். குழுவில் கீழ்க்குரலில் பாடும் அண்ணன் ஒருவர் உண்டு, மீன் வியாபாரி. அவருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

"தட்டிப் பாக்காம தேங்காயே வாங்க மாட்டோம். நீங்க படத்தப் பாத்து ஆர்கன் வாங்குதியளா டீச்சர்?" என்றார்.

எங்கள் ஊரில் கீபோர்டுக்கு ஆர்கன் என்றுதான் பெயர். எனக்குச் சுள்ளென்று வந்தது. "எல்லாத்துக்கும் நான் பொறுப்பு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அன்று ராத்திரியே என் கணவரின் லேப்டாப்பில் உட்கார்ந்தேன். அதுவரை ஆன்லைனில் ஒரு குண்டூசிகூட வாங்கியதில்லை. பெயர் கேட்டது. சர்டிபிகேட்டில் உள்ளபடி இனிஷியலோடு போட்டேன். கதவு எண் கேட்டது. எழுந்து போய் மின்சாரக் கட்டண அட்டையைப் பார்த்துப் போட்டேன். பக்கத்தில் உள்ள அடையாளம் என்ன என்று கேட்டது. 'கோயில் அருகில்' என்று போட்டேன். எங்கள் ஊரில் கோயிலுக்கு அருகில் இல்லாத வீடு எது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. கணவரின் கார்டு எண்ணை மூன்று தடவை தப்பாக அடித்து, நாலாவது தடவை ஒருவழியாக ஆர்டர் போனது.

அதன்பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே வேலையாகிவிட்டது. டெல்லியில் இருந்தது, பெங்களூருக்கு வந்தது, திடீரென்று கோயம்புத்தூருக்குப் போனது. "எந்தச் சாமானத்துக்கும் இம்புட்டு ஊரு சுத்திப் பாக்க யோகமில்ல" என்று கணவர் சிரித்தார். எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை மாலை, பார்த்தால் 'டெலிவரி ஆகிவிட்டது' என்று பச்சை எழுத்தில் காட்டுகிறது. வாங்கியவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர், இனிஷியலோடு. கையெழுத்தும் நான்தான் போட்டேனாம்.

வீட்டில் கீபோர்டும் இல்லை, அதன் பெட்டியும் இல்லை. கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன், அவ்வளவு பதற்றம், வெப்ராளம். கணவர் சும்மா இருப்பாரா? "ஏட்டி, தூக்கத்துல எழும்பிப் போயி வாங்கி எங்கயாவது வச்சியா?" என்றார்.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். முதலில் இந்தி, அப்புறம் இங்கிலீஷ், அப்புறம் கால் மணி நேரம் ஒரே பாட்டு. கடைசியில் ஒரு பெண் தமிழில் வந்தாள். பார்சலை நீங்களே வாங்கியிருக்கிறீர்கள் மேடம் என்றாள். வாங்கவில்லை என்றுதானே கூப்பிடுகிறேன் என்றேன். சிஸ்டத்தில் வாங்கியதாகத்தான் காட்டுகிறது என்றாள். "உங்க சிஸ்டத்தக் கொண்டு கடல்ல போடுங்க" என்று வைத்துவிட்டேன். சனிக்கிழமையும் இதே கதை. திங்கட்கிழமை, விசாரிக்க நாற்பத்தெட்டு மணி நேரம் வேண்டும் என்றார்கள். என் பெயரை என்னிடமே சொல்லி, நீதான் வாங்கினாய் என்று ஆள் ஆளுக்குச் சாதித்தால் மனுஷிக்குப் பைத்தியம் பிடிக்காதா?

இதற்கிடையில் ஞாயிறு மாலை பாட்டுப் பயிற்சி. கீபோர்டு இல்லாமல் வெறும் தொண்டையால் பாடிக்கொண்டிருந்தோம். மீன் வியாபாரி அண்ணன் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்போது குழுவில் ஒருத்தி, கடற்கரைத் தெருக் கடைசி வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு ஆர்கன் வந்திருக்கிறது என்றாள். அந்த வீட்டுக்காரர் கல்ஃபில் இருப்பவர். மகளுக்காக அனுப்பியிருக்கிறாராம். ஊரே போய்ப் பார்த்துவிட்டு வருகிறதாம். "கடல் தாண்டி வாற சாமானம் ஒழுங்கா வந்து சேருது. எனக்குள்ளது கோயம்புத்தூரத் தாண்டி வரமாட்டேங்குது" என்று பல்லைக் கடித்தேன். நம் சாமான் வராவிட்டால் கொடியேற்றத்துக்கு அதை இரவல் கேட்கலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அப்போதும் என் மண்டையில் எதுவும் உறைக்கவில்லை.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். கூரியர் ஆபீசில் நுழைந்ததும் சத்தம்தான். எங்கள் பக்கம் டெலிவரிக்கு வரும் ஆளை வரச் சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் திருடன் என்றே சொல்லிவிட்டேன். மலையாளம் கலந்து பேசும் திருவட்டாறுக்காரர் அவர். கோபப்படாமல் நோட்டை எடுத்துக் காட்டினார். என் பெயர்தான் இருந்தது. ஆனால் தமிழில், கோணல்மாணலாக, என் கையெழுத்தே இல்லை.

"நான் ரெண்டு பிராவசியம் விளிச்சேன், நீங்க போன் எடுக்கல்ல" என்றார். எத்தனை தடவை அழைத்தாலும் எடுக்க முடியாது. வகுப்பு நேரத்தில் என் போன் ஸ்டாஃப் ரூமில் பைக்குள் கிடக்கும். "பின்ன முக்குல சாயக்கடையில கேட்டேன். பெரிய பெட்டியான்னு கேட்டாவ, ஆமான்னேன். அப்பம் கல்ஃப்காரருக்க வீடுதான்னு கைகாட்டி விட்டாவ. அந்த அக்கா கிட்ட பேரு கேட்டேன், சரியா சொன்னாவ. ஒப்பும் போட்டாவ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊர்ப் பாதுகாவலி மாதா. பெண்பிள்ளைகளில் பாதிப்பேருக்கு ஞானஸ்நானத்தில் மாதா பெயர்தான் வைப்பார்கள். என் பெயரில், என் இனிஷியலிலேயே, எனக்குத் தெரிந்து ஐந்து பேர் உண்டு. யாரும் குழம்புவதில்லை, ஏனென்றால் யாரையும் வெறும் பெயரால் தேடுவதில்லை. என்னை டீச்சர் என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூட வீட்டைக் காட்டும். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான், வெளியூர்க்காரி மாதிரி கதவு எண்ணைப் போட்டுவிட்டு டீச்சர் என்ற ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன். பெரிய பெட்டி என்றால் அது வெளிநாட்டுக்காரர் வீட்டுக்குத்தான் என்பது எங்கள் ஊர்க் கணக்கு.

தப்பு பாதி என்னுடையது என்று தெரிந்தும் கோபம் அடங்கவில்லை. அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதைக் கல்ஃப்காரர் மனைவிமேல் திருப்பிவிட்டேன். ஆர்டர் போடாத சாமானைக் கையெழுத்துப் போட்டு வாங்குவாளா ஒருத்தி? பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடற்கரைத் தெருவுக்குப் போனேன்.

வாசலில் நின்றே ஆரம்பித்தேன். "அடுத்தவளுக்க சாமானத்த வாங்கி வச்சுக்கிட்டு ஊரைக் கூட்டிக் காட்டுதியா? நாணமில்லியா உனக்கு? அது கோயில் ஆர்கன். உன் மாப்பிள அனுப்பினதுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டேன். வகுப்பில் கத்திப் பழகிய தொண்டை. எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஆட்கள் வெளியே வந்தார்கள்.

அவள் என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். "உள்ள வாருங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே கீபோர்டு மேஜைமேல் இருந்தது. அதன்மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. அவள் சுவரில் இருந்த மாதா படத்துக்கு முன்னால் போய், அங்கே மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து என் கையில் தந்தாள். பெட்டிக்குள் இருந்ததாம்.

"அவிய போன் பண்ணி நாலு மாசமாச்சு டீச்சர். பெட்டியில எனக்க பேரு இருந்துச்சு, அவியதான் அனுப்பியிருக்காவன்னு நெனச்சேன். இது இங்கிலீசுல இருக்கு. யார்ட்டயாவது காட்டினா, நாலு மாசமா போன் இல்லங்கியது தெரிஞ்சு போவும். அதான் காட்டல. இதுல அவியளுக்க புது நம்பர் ஏதாவது எழுதியிருக்கா? பாத்துச் சொல்லுங்க."

பில் அது. பெயர், கதவு எண், கோயில் அருகில். கீழே ஒரே ஒரு போன் நம்பர் இருந்தது, அது என்னுடையது.

"இல்ல மக்கா" என்றேன்.

அவள் அழவில்லை. தெர்மோகோல், வயர், அடாப்டர் என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தாள். ஒன்றுவிடாமல் பெட்டியில் அடுக்கிக் கட்டித் தந்தாள். "பிள்ள பள்ளிக்கூடம் விட்டு வாறதுக்கு முன்ன கொண்டு போயிருங்க டீச்சர்" என்றாள். ஆட்டோவை அழைத்து, நாங்கள் இரண்டு பேருமாகத்தான் அதைத் தூக்கி ஏற்றினோம். எதிர்வீட்டுக்காரர்கள் அப்போதும் வெளியேதான் நின்றார்கள். மாப்பிள்ளை அனுப்பினாரா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியவில்லை என்றால் அவரிடமிருந்து போனும் இல்லை என்று கணக்குப் போட அவர்களுக்கு எவ்வளவு நேரமாகும்?

வெள்ளிக்கிழமை கொடியேறியது, நான் வாசித்தேன். மீன் வியாபாரி அண்ணன் வந்து "சத்தம் கொள்ளாம் டீச்சர்" என்றார். ஒரு வாரத்துக்கு முன் அந்தப் பாராட்டு வார்த்தைக்காக என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். அன்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அவள் கணவர் மறு வருடம் ஊர் திரும்பினார். கம்பெனியை மூடிவிட்டார்களாம், சம்பளமும் இல்லை, பாஸ்போர்ட்டும் கையில் இல்லை, வீட்டுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் போன் பண்ணாமலே இருந்திருக்கிறார். இன்றும் கோயிலில் பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டு பேசுவாள், நான்தான் சரியாக முகம் கொடுத்துப் பேசமாட்டேன்.

கீபோர்டு கோயிலுடையது, அதைத் திருப்பி வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வாசலில் நின்று கத்தாமல் உள்ளே போய் மெதுவாகக் கேட்டிருந்தால், நாலு மாதமாக அவள் மூடி வைத்திருந்ததை நான் ஐந்து நிமிடத்தில் தெருவுக்கே அறிவித்திருக்க மாட்டேன் என்ற எண்ணம் இத்தனை வருடம் கழித்தும் என்னை விடவில்லை.