தம்பியிடமே கேட்டோம்

வடமராட்சியில் எங்கள் அப்பா அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர் தம்பி. நான் மூத்தவள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றேன், அவரைப் படிப்பித்தோம். இதை நான் சொல்லச் சொல்லத் தம்பியின் மகள், என் மருமகள், எழுதுகிறாள். அழகுபடுத்தப் பார்த்தாள். விடவில்லை.

நாட்டில் குண்டு விழத் தொடங்கிய காலத்தில் தம்பி வளைகுடாவுக்கு வந்தார். முதலில் ரியாத், பிறகு துபாயில் கட்டடச் சாமான் விற்கும் ஒரு கொம்பனியில் ஸ்டோர் கீப்பர். வாடகை குறைவென்று வீடு அஜ்மானில். விடியமுன் பஸ் ஏறினால் பொழுதுபட்டுத்தான் வருவார். மனைவி தவறிய பிறகு பிள்ளையைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார், வந்தேன். வேலை தேடி வந்த ஊர்ப் பொடியன்கள் எத்தனையோ பேர் எங்கள் ஹோலில் படுத்தெழும்பிப் போனார்கள். அவர் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஆனபடியால் நான் சொல்கிறேன்.

பிறகு வருத்தம் வந்தது. ஈரலில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் ஒரு ஒப்பரேசன் முடிந்ததும் டொக்டர் எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும், படுத்திருப்பவரின் காதில் அது விழக்கூடாது. குடலில் புண் என்று எல்லாரும் ஒரே கதையாகச் சொன்னோம். பார்க்க வந்தவர்களும் அப்பிள் பையோடு வந்து, தேறிவிட்டீர் என்று சொல்லிப் போனார்கள்.

"தேறின ஆளுக்கு ஏன் அக்கா இவ்வளவு அப்பிள்? ஒரு கடை போடலாம்" என்றார் தம்பி.

பர் துபாயில் இருக்கும் சின்னம்மாவின் மகன் வந்து, அறைக்கு வெளியே நின்றே எல்லாவற்றையும் முடிவு செய்தார். இன்னொரு ஒப்பரேசன், சரிவராவிட்டால் ஊருக்குக் கொண்டுபோவது. "ஆருக்கு இஞ்ச சாக விருப்பம்? இதெல்லாம் கேக்கிற விசயமே?" என்றார்.

அந்த நாட்களில் லண்டன் பாராளுமன்றத்தில் ஒரு சட்டம் பற்றிப் பேச்சு நடந்தது. மாறாத வருத்தக்காரர் தானே கேட்டால், உயிரை முடிக்க டொக்டர் உதவலாமா என்பது. ஆஸ்பத்திரி டிவியில் போனது. மருமகள் எனக்குத் தமிழில் சொன்னாள். "நிப்பாட்டடி உந்தக் கதையை" என்றேன். தம்பி விடவில்லை. அங்கே கேட்ட கேள்விகளைத்தான் அவர் கவனித்தார். அந்த மனிதருக்குத் தன் வருத்தம் முழுக்கத் தெரியுமா? வேறு என்ன வழி இருக்கிறதென்று சொன்னார்களா? சொந்தக்காரர் நெருக்கினார்களா? தனியாக வைத்துக் கேட்டார்களா? மனம் மாறியதா என்று பிறகும் ஒருக்கால் கேட்டார்களா?

"பாத்தீங்களே அக்கா. சாகக் கேக்கிறவனுக்கு இத்தனை காவல் வைக்கினம். நான் சாகக் கேக்கேல்லை, இருக்கிறன். என்னட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. எல்லாரும் கதவுக்கு வெளியிலை நிண்டு கதைக்கிறியள்."

"உனக்கென்ன, குடல் புண்தானே" என்றேன்.

"அக்கா, உங்களுக்குப் பொய் சொல்ல வராது. சின்னனிலையும் வராது." பிறகு சொன்னார்: "அந்தச் சட்டம் சரியோ பிழையோ எனக்குத் தெரியாது. எனக்கு அந்தக் கேள்வியள் போதும்."

அடுத்த நாள் நாகர்கோவில் பக்கத்து நேர்ஸ் பிள்ளையைப் பிடித்தேன். "டொக்டரிட்டைச் சொல்லு பிள்ளை. என்னெண்டாலும் தம்பியிட்டையே சொல்லட்டும், தம்பியிட்டையே கேக்கட்டும்."

சின்னம்மாவின் மகன் பாய்ந்தார். "உங்களுக்கு விசரே அக்கா? கேட்டால் அவன் இண்டைக்கே முடிஞ்சிடுவான்."

"முடியிறது அவன்தானே. அவனுக்குத் தெரியட்டும்" என்றேன்.

"அப்ப எல்லாரும் வெளிய வாங்க. சுத்தி நின்னா உங்க முகத்தப் பாத்துத்தான் பதில் சொல்லுவாரு" என்றாள் நேர்ஸ். என்னைப் பார்த்து, "நீங்களுந்தாம்மா" என்றாள்.

நானும் வெளியே போனேன். அந்தக் கதவுக்கு வெளியே நின்ற நேரத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன்.

தம்பி டொக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டறிந்தார். ஒப்பரேசன் வேண்டாம், நோவுக்கு மருந்து தந்தால் போதும் என்றார். ஊரும் வேண்டாம். ஊருக்குப் போனால் அவருடைய விசா முடியும், அதோடு மகளின் விசாவும் முடியும். பிள்ளை சோதனை எழுதவேண்டும், அதுவரை அஜ்மான் வீட்டில் இருக்கவேண்டும் என்றார். "நாளைக்கும் வந்து கேளுங்கோ, மாத்துறனோ எண்டு பாப்பம்" என்றும் சொன்னாராம். டொக்டர் சொன்னபடி வந்தார். நாங்கள் திரும்ப வெளியே போனோம். தம்பி மாற்றவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். லேசாக இருக்கவில்லை. இரவு பகல் தெரியாமல் போனது, எனக்கு அந்தக் களைப்பு இன்னும் ஆறவில்லை. மகள் கடைசிச் சோதனை எழுதிவிட்டு வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றியபோது தம்பி விழித்துக்கொண்டிருந்தார். அந்தக் கிழமைக்குள் போய்விட்டார். இங்கேயே தகனம் செய்தோம். ஊருக்கு அனுப்பவில்லையே என்று இன்னும் சிலருக்குக் கோபம். என்னிடம் கேளுங்கள், அவர் சொன்னதைச் சொல்கிறேன். அதற்கு மேல் வாதாட என்னிடம் தெம்பில்லை.

பொறுமையாகச் சொன்ன டொக்டருக்கும், நேர்ஸ் பிள்ளைக்கும், வேலைக்குப் போக முடியாத மனிதரின் விசாவை வெட்டாமல் விட்ட அரபு முதலாளிக்கும், நாள் தவறாமல் கஞ்சி கொடுத்தனுப்பிய கீழ்வீட்டுக் காயல்பட்டினத்துக் குடும்பத்துக்கும், தகனத்துக்கு லீவு போட்டு வந்த பொடியன்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று அந்த அறையை விட்டு வெளியே போன சொந்தக்காரருக்கும் நன்றி. முறுமுறுத்துக்கொண்டு போனவர்களுக்கும்தான்.