வலது காதில் வராத பாட்டு

போன வாரம் நாகலூரில் பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண், காதில் வெள்ளையாக இரண்டு மணிகளை வைத்துக்கொண்டு தலையாட்டியபடி வந்தாள். கழுத்தைப் பார்த்தேன், மடியைப் பார்த்தேன். ஒயரே இல்லை. ஒயர் இல்லாமல் எப்படியம்மா பாடுகிறது என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. முகம் தெரியாதவர்களிடம் பேச எனக்கு எப்போதும் கூச்சம்தான். ஏற்காடு வரும்வரை அந்தக் காதையே பார்த்துக்கொண்டு வந்தேன். கம்மலைத்தான் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பாள், பாவம்.

எங்கள் வீட்டிலும் ஒரு பாட்டு மிசின் இருந்தது. தீப்பெட்டி அளவுதான். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன மகள் செல்லம்மா அவள் அப்பாவுக்கு வாங்கி வந்தது. அதற்கு ஒயர் உண்டு. ஒயரின் நுனியை மிசினில் இருக்கும் ஓட்டையில் சொருக வேண்டும். அந்த ஓட்டைதான் தகராறு. சாய்த்துப் பிடித்தால் பாடும், கையை எடுத்தால் கரகரவென்று இழுத்து நின்றுவிடும். அவர் ரப்பர் பேண்டை எடுத்து இறுக்கிச் சுற்றினார். மிசின் கொத்தமல்லிக் கட்டு மாதிரி ஆகிவிட்டது.

"இப்பப் பாடுதுங்களா?"

"பாடுது. வலது பக்கம் மட்டும் சுத்தமா வர்ல."

அவர் எஸ்டேட்டில் பல்பர் ஓட்டினவர். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் மிசின் அது. மீசை அரும்பின வயதிலிருந்து தலை நரைக்கும்வரை அந்த இரைச்சலுக்குப் பக்கத்திலேயே நின்றார். பழத்தோலின் புளித்த வாடை அவர் சட்டையில் எத்தனை துவைத்தாலும் போகாது. வாடை வந்தால், ஆள் வாசலுக்கு வந்தாயிற்று என்று அடுப்படியிலிருந்தே தெரிந்துகொள்வேன். பேச்சுதான் வராது. நான் ஏதாவது கேட்டால் பாதி நேரம் பதிலே இருக்காது. வீட்டுக்காரரிடம் ஒன்றை இரண்டாம் முறை கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. பதில் வரவில்லையென்றால் வேண்டாம் என்று அர்த்தம். அப்படித்தான் நான் குடும்பம் நடத்தினேன்.

டவுனில் ஒரு பாய் கடை இருந்தது. வாட்ச், டார்ச், குடை, ரேடியோ எல்லாம் ரிப்பேர் பார்ப்பார். இருவரும் மிசினை எடுத்துக்கொண்டு போனோம்.

"என்னங்கண்ணே, மிசினுக்குக் கோவணம் கட்டிக் கூட்டியாந்திருக்கீங்க?" என்றார் பாய். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

ஓட்டைக்குள் ஊசியை விட்டு நெருடினார். பஞ்சும் தூசியும் வந்தன. பிறகு மிசினைத் திறந்து, உள்ளே விட்டுப்போன இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். தன் காதில் வைத்துப் பார்த்து, "ஜம்முனு பாடுதுங்கண்ணே" என்று நீட்டினார்.

"வலது பக்கம் வர்லீங்களே, பாய்."

பாய் வாங்கி மறுபடி கேட்டார். வேறு ஒயர் போட்டுக் கொடுத்தார்.

"இப்போ?"

"இல்லீங்க."

"வெளையாடறீங்களாண்ணே? அக்கா, நீங்க கேட்டுச் சொல்லுங்க."

முந்தானைக்குள் ஒயரை மறைத்துக் காதில் வைத்தேன். தலைக்குள்ளேயே யாரோ உட்கார்ந்து பாடுவது போலிருந்தது. இடதிலும் பாட்டு, வலதிலும் பாட்டு. இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கும் வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"ரெண்டு பக்கமும் வருதுங்க" என்றேன்.

"என்ன சொன்னே?" என்றார் அவர். நான் அவருக்கு வலது பக்கம் நின்றிருந்தேன்.

பாய் சிரிப்பை நிறுத்திவிட்டார். வீட்டுக்காரர் மிசினை என்னிடமிருந்து வாங்கி, ஒயரின் ஒரே மணியை இடது காதுக்கு ஒருமுறை, வலது காதுக்கு ஒருமுறை வைத்துப் பார்த்தார். "மிசின் நல்லாத்தான் இருக்குது பாய். காதைத்தான் பல்பர் தின்னுப்போட்டுது" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் அடுப்படி இருந்தது அவர் உட்காரும் இடத்துக்கு வலது பக்கம். நான் பேசியதெல்லாம் அங்கிருந்துதான்.

"செல்லம்மா பொறந்தப்போ, எங்கம்மா பேரு வெக்கலாமுங்களான்னு உங்களைக் கேட்டனுங்க. பூவாயின்னு."

"எப்போ?"

"நீங்க ஊட்டுக்கு வந்து சோறு திங்கறப்போ. ஒண்ணும் சொல்லல. செரி, வேண்டாம்போலன்னு உட்டுட்டேன்."

"எனக்குக் கேக்கலியே."

"நான் கேட்டனுங்களே."

நான் கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது, பாருங்கள். பிள்ளைக்கு அவருடைய அம்மா பெயரை வைத்து, அந்தப் பெயரோடு அவள் வளர்ந்து ஆளாகியும் விட்டாள்.

அடுத்த வளைவில் அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "பூவாயி" என்று சொல்லிப் பார்த்தார். "நொம்ப நல்ல பேரு. வெச்சிருக்கலாம்."

சில வருடத்தில் இடது காதும் மெல்ல அடைத்துப்போயிற்று. நான் கத்திப் பேசப் பழகினேன். முதலில் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினேன், அப்புறம் அதையும் விட்டேன். "சோறு போடட்டுங்களா?" என்று நான் கத்தினால், "எனக்கும் போடுங்க" என்று அடுத்த வீட்டிலிருந்து சிரிப்பார்கள்.

அவர் போய்விட்டார். பாயும் இல்லை. அந்தக் கடையில் இப்போது தேனும் மிளகும் விற்கிறார்கள். ஆனால் என் குரல் மட்டும் இறங்கவேயில்லை. செல்லம்மா போனில், "ஏம்மா இப்படிக் கத்தறே? எனக்குக் காது நல்லாக் கேக்குது" என்கிறாள். மெதுவாகப் பேசிப் பார்க்கிறேன், வரவில்லை. அவர் சரியாகக் கேட்டேயிராத அந்தச் சின்னக் குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.