பெனடிக்ற்றின் கோணல் கை

பெனடிக்ற்றின் வலது முழங்கை நிமிராது. எண்பத்தைந்தில், மன்னாரில், ஆமிக்காரன் ஒருவன் துவக்குப் பிடியால் அடித்த அடியில் எலும்பு முறிந்து கோணலாகவே பொருந்திவிட்டது. அந்தக் கையோடுதான் லண்டனுக்கு வந்து, மனோர் பார்க்கில் எங்கள் ஆட்களின் கிரிக்கெற் கிளப்பில் சேர்ந்தான். பந்து வீசினால் அப்பப்பா, என்ன வேகம்! ஆனால் நடுவர் ஜம்புநாதன் விட்டால்தானே.

"நோ போல்! நீ கையை மடக்கி எறியிறாய் தம்பி. சட்டம் சட்டம்தான்."

"அண்ணை, மடக்கேல்லை. கை நிமிராது."

ம்ஹூம். மனிதர் அசையவில்லை. பெரிய சட்டக்காரர்!

ஒருநாள் வேலியோரம் நின்று பார்த்த கனடாக்காரர் ஒருவர் அவனைத் தன் பேஸ்போல் கிளப்புக்குக் கூட்டிப் போனார். அங்கே பந்தை எறியத்தான் வேண்டுமாம்! இங்கே குற்றமென்று கத்தியதற்கு அங்கே கைதட்டினார்கள். அடுத்த வருடமே சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். "எறியிறதுக்கும் சம்பளமோ?" என்று மனைவி றோஸ்மலர் வாயைப் பிளந்தாள். சில கோடைகாலங்கள் அவன் ராஜாதான்.

பிறகு விரல்கள் மரத்தன. சட்டைப் பொத்தானை றோஸ்மலர்தான் பூட்டிவிட வேண்டியிருந்தது. முழங்கையில் நரம்பு நசிகிறது, கோணல் எலும்பை வெட்டி நிமிர்த்தி ஒப்பரேஷன் செய்யாவிட்டால் கை விளங்காது என்றார் டொக்டர். செய்தால் எறியலாமா என்று கேட்டான் பெனடிக்ற். டொக்டர் றோஸ்மலரைப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, கை மிஞ்சினால் காணும். ஓமெண்டு சொல்லுங்கோ," என்று அழுதாள் அவள். பாவம், வேறு என்னதான் செய்வான்?

கட்டுப் பிரித்தபோது கை நேராக இருந்தது. பேஸ்போல் கிளப் அதற்குள் வேறு ஆளைப் பிடித்துவிட்டது. கதை கேள்விப்பட்டு ஜம்புநாதன் வீட்டுக்கே ஓடி வந்தார். மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இனி ஒருத்தரும் வாய் திறக்கேலாது. ஞாயிற்றுக்கிழமை வா தம்பி!"

போனான். புதுப் பந்தைக் கையில் கொடுத்தார்கள். பழைய மாதிரியே ஓடி வந்து கையைச் சுழற்றினான். பந்து பாதி வழியில் விழுந்து, உருண்டு, மட்டைக்காரனுக்கு முன்னால் நின்றுவிட்டது. அடுத்ததும் அப்படியே. ஒருவரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தாலாவது அவன் கோபப்பட்டிருப்பான். ஜம்புநாதன் கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

பெனடிக்ற் அவருக்குக் கிட்டப் போனான்.

"நோ போல் எண்டாவது சொல்லுங்கோவன், அண்ணை."