கராஜுக்குள் ஒரு சாமியறை

எத்தனை கார் வரும் என்று நகரசபைக்காரர்கள் ஏன் கேட்டார்கள்? ரூ லூயி-பிளாங்க் தெருவில் அத்தானின் சாப்பாட்டுக்கடையில் கொத்துரொட்டி தின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது.

அத்தானும் அக்காவும் கார்ஜ் லே கொனெஸ் புறநகருக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் வீடு வாங்கியிருக்கிறார்கள். அதன் கராஜை அறையாக மாற்றுவதற்கு அத்தான் தானே பிளான் கீறி, தானே அனுமதி கேட்டிருந்தார். நகரசபையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, வழிபட எத்தனை பேர் வருவார்கள், கார்களை எங்கே விடுவார்கள் என்று விசாரித்தார்களாம். அத்தானுக்கு அதில் ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு.

"ஆரும் வரலாம், நாங்கள் ஒருத்தரையும் மறிக்கிறேல்லை எண்டு சொன்னன். வெள்ளிக்கிழமையளிலை கடலையும் குடுப்பம் எண்டனான்."

என் கரண்டி அந்தரத்தில் நின்றது. பிளானில் அந்த அறைக்கு என்ன பெயர் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"சாமியறைதான். பிரெஞ்சிலை ஸால் து பிரியேர்."

"அத்தான், அது ஊர்ச்சனம் கூடிக் கும்பிடுற மண்டபம். நீங்கள் கோயில் கட்டப்போறீங்கள் எண்டு அவை நினைச்சிட்டினம்."

அவர் கல்லாப்பெட்டியில் சாய்ந்துகொண்டார். எனக்கோ உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. சென் தெனியில் நகரத் திட்டமிடல் படிக்கிறேன். வகுப்பில் கொட்டாவியோடு கேட்ட சட்டமெல்லாம் இப்போது அக்காவின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது!

விளையாட்டும் இல்லை. அக்காவுக்கு மாசி மாதத்தில் பிள்ளை பிறக்கும். மாடியில் இருப்பது இரண்டு அறை. சின்ன அறை முழுக்கச் சாமி. கீழே கூடமும் குசினியும் ஒரே அறை. மீன் மச்சம் பொரிக்கும் இடத்தில் சாமியை வைக்க அத்தான் சம்மதிக்கமாட்டார். சாமி கராஜுக்கு இறங்காவிட்டால் தொட்டில் வைக்க இடமில்லை.

கட்டட விஷயங்களைப் பார்க்கும் குழு எங்களை விளக்கம் சொல்லக் கூப்பிட்டது. அதற்கு முன் அந்த ஊரின் கட்டட விதிகளை ரயிலில் போகவர வாசித்து முடித்தேன். வேலி எவ்வளவு உயரம், பக்கத்து மதிலிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டலாம், எந்தத் தெருவில் வீடு, எந்தத் தெருவில் கடை... ஒரு ஊர் சண்டை பிடிக்காமல் அருகருகே வாழ இவ்வளவு யோசித்திருக்கிறதே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லாத குறை.

நீதிமன்றம் மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். பள்ளிக்கூட மேசை மாதிரி ஒன்று, அதைச் சுற்றி நாலு பேர், கோப்பி. சுவரில் ஊரின் வரைபடம். வீடுகளுக்கான பகுதிக்கு மஞ்சள் நிறம். தலைமை தாங்கிய துணை மேயர் அம்மா மஞ்சளுக்குள் விரல் வைத்து, இந்தத் தெருவில் பொது வழிபாட்டிடத்துக்கு இடமில்லை என்று தன்மையாகச் சொன்னார்.

நான் விதி இலக்கம் சொல்ல வாயெடுத்தேன். அத்தான் முந்திக்கொண்டு தன் போனை நீட்டினார். மாடி அறையின் படம். அலுமாரித் தட்டில் சாமிகள், பக்கத்தில் இஸ்திரிப்பெட்டியோடு உடுப்பு மினுக்கும் மேசை, காயப்போட்ட காலுறைகள், நடுவில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒற்றைக் கதிரையில் அக்கா.

"இதுதான் எங்கடை ஸால் து பிரியேர்," என்றார்.

துணை மேயர் சிரித்துவிட்டார். கோயில் அந்த நிமிடமே கலைந்துபோனது. நான் துள்ளாமல் இருக்கக் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஓரத்தில் இருந்த முதியவர், அறை சரி, கராஜில் நிற்கிற கார் இனி எங்கே நிற்கும் என்று கேட்டார். அந்த விதியையும் நான் வாசித்திருந்தேன்: கராஜை எடுத்தால் காருக்கு வீட்டு வளவுக்குள்ளேயே வேறிடம் காட்டவேண்டும். முன் வளவு முழுவதையும் சீமெந்து போட்டு மூடவும் கூடாது. கோயிலோடு மல்லுக்கட்டத் தயாராகப் போய், காரை மறந்துவிட்டேன்.

துணை மேயர் மறுக்கவில்லை. அறையின் பெயரைத் திருத்தி, காருக்கு இடம் காட்டிப் புதுப் பிளான் தாருங்கள், அடுத்த கூட்டத்திலேயே பார்க்கிறோம் என்றார்.

திரும்பி வரும்போது ரயிலில் பெயருக்குச் சண்டை. 'பியூரோ', அலுவலக அறை, என்று போட்டால் ஒரு கேள்வியும் வராது என்றேன்.

"சாமி என்ன கந்தோரிலையோ வேலை செய்யிறார்?"

"அப்ப என்னெண்டு போடுறது?"

"நீதானே பிள்ளை படிச்சனி. அறை எண்டு போடன். உள்ளுக்கை ஆர் இருக்கினம் எண்டு அவைக்கு என்னத்துக்கு?"

அதுதான் சரியான பதில். சட்டப்படியும் அது வீட்டு அறை, அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பது கார். முன் வளவில் அக்காவின் கத்தரிப் பாத்தி இருக்கிறது. அதை மதிலோரம் நகர்த்தி, புல் முளைக்க இடைவெளி விட்ட கற்களைப் பதித்தால், காரும் நிற்கும், மழைத்தண்ணீரும் இறங்கும். ஆனால் தெருவாசல் படலை உள்ளே திறக்கிறது. காரின் மூக்கில் முட்டும். சனிக்கிழமை அளவுநாடாவோடு போகிறேன். அத்தான் காரை உள்ளே எடுப்பார், நான் நிலத்தில் சோக்கட்டியால் கோடு போடுவேன். முட்டினால், படலையைப் பக்கவாட்டில் தள்ளித் திறக்கிறமாதிரி மாற்றிக் கீறிப் பார்ப்பேன்.